9 வாட் மின்குமிழ் 10 அம்பியர் ரிலேயை ஒட்ட வைப்பது எப்படி?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் உள்ள தொடர்மாடிக் குடியிருப்பில், மாடிப்படி விளக்குகள் பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருப்பதை நான் பல வாரங்களாகக் கவனித்து வந்தேன். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து விளக்கைப் போடும் ஒரே சென்சரின் கீழ் பன்னிரண்டு எல்.ஈ.டி. மின்குமிழ்கள் இணைக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றும் 9 வாட். அந்தச் சென்சர் பழுது என்று சொல்லி அதற்கு முன்னரே இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். மூன்றாவது தடவை கழற்றி வீசவிருந்ததைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். ஆளை உணரும் பகுதியில் ஒரு குறையும் இல்லை. உள்ளே விளக்கைப் போட்டு நிறுத்துவது ஒரு ரிலே, அதாவது சுருளில் மின் பாயும்போது காந்தத்தால் தொடுமுனைகளை மூடும் சிறு சுவிட்ச். அதன் சுருளுக்குச் செல்லும் மின் உரிய நேரத்தில் நின்றது. ஆனால் அதன் தொடுமுனைகள் மட்டும் பிரியவில்லை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் ரிலேயின் மேல் ஒரு தட்டுத் தட்டியதும் அவை "டிக்" என்ற ஒலியுடன் விலகின. உறையை வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தபோது, ஒரு முனையில் சிறு குழியும் எதிர்முனையில் அந்தக் குழிக்குள் பொருந்தும் சிறு மேடும் உருகி உறைந்த வெள்ளியாகத் தெரிந்தன.

அந்த ரிலேயின் மேல் 10 அம்பியர், 250 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தது. பன்னிரண்டு மின்குமிழ்களும் சேர்ந்து எடுப்பது 108 வாட். நமது 230 வோல்ட் மின்வழங்கலில் அது அரை அம்பியருக்கும் சற்றுக் குறைவு. இத்தகைய மின்குமிழ்களின் வலுக் காரணி, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு, பெரும்பாலும் 0.5 அளவில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டால் உண்மையான மின்னோட்டம் 0.9 அம்பியர் வரை வரும். அதற்கு மேல் இல்லை. பத்து அம்பியரைத் தாங்கும் என்று எழுதப்பட்ட ஒன்று ஓர் அம்பியரில் உருகி ஒட்டிக்கொண்டது எப்படி? வயரிங் செய்பவர்களும் வீட்டுக்காரர்களும் பொதுவாகச் சென்சரை அல்லது மின்குமிழைக் குறை சொல்லிவிட்டு இந்தக் கேள்வியைக் கடந்துபோகிறார்கள். விடை இரண்டிலும் தனித்தனியே இல்லை. மின்குமிழ் எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் என்ன எடுக்கிறது என்பதற்கும், அது எரியத் தொடங்கும் கணத்தில் என்ன எடுக்கிறது என்பதற்கும் இடையில் உள்ள பெரும் வேறுபாட்டில்தான் அது இருக்கிறது.

ரிலேயின் மேல் உள்ள 10 அம்பியர் என்ற எண் தடைச் சுமைக்கு உரியது. நீர் சூடாக்கியும் மின் அழுத்தியும் அப்படிப்பட்ட சுமைகள். போட்ட கணத்திலும் பத்து நிமிடம் கழித்தும் அவை எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றே. விளக்கு ஒருபோதும் அப்படிப்பட்ட சுமையாக இருந்ததில்லை. பழைய இழை மின்குமிழில் உள்ள தங்ஸ்தன் இழை, குளிர்ந்திருக்கும்போது, வெண்சூடாக எரியும்போது கொண்டிருக்கும் தடையில் பத்தில் ஒரு பங்கு முதல் பதினைந்தில் ஒரு பங்கு வரையே தடை உடையது. 60 வாட் மின்குமிழ் எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். குளிர்ந்த நிலையில் அது 60 முதல் 90 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட் ஆடலோட்டத்தின் உச்சம் 325 வோல்ட் என்பதால், உச்சத்தில் சுவிட்சைப் போட்டால் கால் அம்பியர் எடுக்கவேண்டிய மின்குமிழ் நான்கைந்து அம்பியரை இழுத்து, சில பத்து மில்லி செக்கன்களில் இழை சூடானதும் அடங்கிவிடும். பொறியியலாளர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனால்தான் நல்ல ரிலேக்களின் தரவுத்தாளில் தடைச் சுமைக்கு ஓர் எண்ணும் இழை விளக்குச் சுமைக்கு அதைவிட மிகச் சிறிய வேறோர் எண்ணும் தரப்படுகின்றன. அமெரிக்கத் தர முறையில் டி.வி.-5 எனக் குறிக்கப்பட்ட ரிலே 5 அம்பியர் நிலையான மின்னோட்டத்துடன் 78 அம்பியர் தொடக்க உச்சத்தையும், டி.வி.-8 எனக் குறிக்கப்பட்டது 8 அம்பியருடன் 117 அம்பியர் உச்சத்தையும் திரும்பத் திரும்பத் தாங்கிக் காட்டவேண்டும்.

மின்சேமிப்பு மின்குமிழ்கள் இந்தச் சிக்கலை வேறொரு வடிவத்துக்கு மாற்றின. 1980 இல் பிலிப்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் சிறு ஒளிர்குழல் விளக்கின் அடியில் இரும்பு அகணி சுற்றிய கனத்த தூண்டி இருந்தது. தூண்டி மின்னோட்டம் திடீரென்று எழுவதை எதிர்ப்பது. 1985 இல் ஒஸ்ராம் நிறுவனம் மின்னணுச் சுற்றுடன் கூடிய விளக்கை வெளியிட்டபோது எடை குறைந்தது, மினுக்கம் மறைந்தது. ஆனால் அந்தச் சுற்றின் வாயிலில், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கியும் அதன் பின்னால், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி ஒன்றும் வந்து அமர்ந்தன. பின்னர் நாம் சி.எப்.எல். என்று வாங்கிய விளக்குகள் அனைத்தும், இன்று வாங்கும் எல்.ஈ.டி. மின்குமிழ்களில் பெரும்பாலானவையும், இதே வாயிலைக் கொண்டவை.

வெறுமையாக உள்ள கொள்ளளவியின் குறுக்கே திடீரென்று மின்னழுத்தம் வந்தால், அது நிரம்பும் வரை, இரண்டு கம்பிகளை நேரடியாகச் சேர்த்துப் பிடித்ததற்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது வழியில் உள்ள தடையும் தூண்டலும் மட்டுமே. 9 வாட் மின்குமிழ் ஒன்றில் 4.7 மைக்ரோ ஃபரட் கொள்ளளவியும் அதன் முன்னால் 10 ஓம் உருகு தடையியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை இந்த அளவு மின்குமிழ்களில் சாதாரணமாகக் காணப்படும் பெறுமானங்கள்தாம். 325 வோல்ட் உச்சத்தில் சுவிட்ச் மூடினால் அந்த ஒற்றைச் சிறு மின்குமிழ் 32 அம்பியர் வரை இழுக்க முயலும். நிரம்புவதற்கு எடுக்கும் காலம் 200 மைக்ரோ செக்கனுக்குள் அடங்கும், அதாவது ஒரு செக்கனின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இந்த நிகழ்வைத் தொடக்கப் பாய்ச்சல் என்று இங்கே குறிப்பிடுகிறேன். கண்ணுக்கு அது தெரியாது. சாதாரண மல்ட்டிமீட்டருக்கும் தெரியாது. இடுக்கி மீட்டரைக் கம்பியில் மாட்டிப் பார்த்துவிட்டு "அரை அம்பியர்தான் ஓடுகிறது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை; அவருடைய மீட்டர் அந்தக் கணத்தைப் பார்க்கவே இல்லை.

சுவிட்ச் எப்போதும் உச்சத்தில்தான் மூடும் என்பதில்லை. ஆனால் நல்வாய்ப்பை அதிகம் நம்பவும் முடியாது. 50 ஹேர்ட்ஸ் அலையின் ஒவ்வொரு 10 மில்லி செக்கன் அரைச்சுற்றிலும் சரிபாதி நேரம் மின்னழுத்தம் உச்சத்தின் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே இரண்டு தடவையில் ஒரு தடவை பாய்ச்சல் பெரியதாகவே இருக்கும்.

ஒரு மின்குமிழுக்கு 32 அம்பியர் என்றால் பன்னிரண்டுக்கு 384 என்று பெருக்கிவிடக் கூடாது. மின்குமிழ்கள் சமாந்தரமாக இணைந்திருப்பதால் கொள்ளளவுகள் கூடி 56 மைக்ரோ ஃபரட் ஆகின்றன. 10 ஓம் தடையிகள் பன்னிரண்டும் சேர்ந்து 0.83 ஓம் ஆகின்றன. இதன் பின் எஞ்சுவது வீட்டுக் கம்பியும் வீதியில் இருந்து வரும் இணைப்பும் மின்மாற்றியும்தான். 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி, போக வர, 20 மீற்றர் தூரத்துக்கு ஏறக்குறைய 0.7 ஓம் தரும். வெளி இணைப்பின் தடையையும் மின்மாற்றி வரையிலான தூண்டலையும் ஒரு நியாயமான அளவில் சேர்த்துக் கணித்தால் உச்சம் 100 அம்பியரைச் சுற்றி வந்து நிற்கிறது. ஓடும் மின்னோட்டத்தின் நூறு மடங்குக்கும் மேல். இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மின்குமிழ்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றின் உள்ளே இருக்கும் தடையியின் பாதுகாப்புக் குறைந்துகொண்டே போகிறது, இறுதியில் கம்பியின் நீளம் ஒன்றே காவல். மின்மாற்றிக்கு அருகில், தடித்த கம்பியில், குறுகிய தூரத்தில் அமைந்த நல்ல வயரிங்கில்தான் பாய்ச்சல் மிகப் பெரியதாக இருக்கும் என்பது பலரும் எதிர்பாராதது.

இனி அந்தப் பாய்ச்சல் தொடுமுனையில் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு உலோகப் பரப்புகள் தொடும்போது அவை முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகள் சிலவற்றின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன, மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளுக்குள் நெருங்கிப் புகுந்து செல்கிறது. மின் தொடுகைகள் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்ட ராக்னர் ஹோம், தொடுகையின் குறுக்கே எத்தனை வோல்ட் விழுகிறதோ அதுவே அந்தப் புள்ளியின் வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். வெள்ளித் தொடுமுனையில் அந்த வீழ்ச்சி 0.09 வோல்ட்டை எட்டினால் உலோகம் இளகத் தொடங்கும், 0.37 வோல்ட்டை எட்டினால் அந்தப் புள்ளி வெள்ளியின் உருகுநிலையான 961 பாகை செல்சியஸை அடைந்துவிடும். ஓர் அம்பியர் ஓடும் தொடுமுனை உருகுவதற்குத் தொடுகைத் தடை 0.37 ஓம் ஆக இருக்கவேண்டும். நல்ல ரிலேயில் அது நடவாது. 100 அம்பியர் பாயும்போது 0.0037 ஓம் போதும். அழுத்தமாக மூடி நிலைகொண்ட தொடுமுனைகூட அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கும். அப்போதுதான் முதன்முதலாக ஒன்றையொன்று தீண்டும் முனைகள் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

பாய்ச்சல் வந்து சேர்வதும் அந்த முதல் தீண்டலின்போதுதான். ரிலேயின் நகரும் கை, நிலையான முனையில் மோதி, ஒன்றிரண்டு மில்லி செக்கன்களுக்குத் துள்ளித் துள்ளியே நிலைகொள்கிறது. கொள்ளளவி நிரம்பும் காலம் அதைவிட மிகக் குறுகியது. தொடுமுனை தன் முழு அழுத்தத்தையும் பெறுமுன், மிகக் குறைந்த பரப்பில் தொட்டுக்கொண்டிருக்கும்போதே முழுப் பாய்ச்சலும் அதன் வழியே நடந்து முடிந்துவிடுகிறது. பாய்ச்சலின் நடுவே கை துள்ளி விலகினால் இடைவெளியில் மின்வில், அதாவது காற்றினூடே பாயும் மின்பொறி, தோன்றும். வெள்ளித் தொடுமுனைகளுக்கு இடையே அது உருவாக ஏறத்தாழ 12 வோல்ட்டும் 0.4 அம்பியரும் போதும். மின்வில் இருபுறமும் உலோகத்தை உருக்க, துள்ளிய கை திரும்பி வந்து அந்த உருகிய வெள்ளியின் மேல் அமர, அது உடனே உறைகிறது. இப்படி உண்டாகும் ஒட்டுப் பெரும்பாலான தடவைகளில் வலுவற்றது. ரிலேயின் கையைத் திரும்ப இழுக்கும் வில் (ஸ்பிரிங்) அதைப் பிரித்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சிறிது உலோகம் ஒரு முனையில் இருந்து மற்றதற்கு இடம்பெயர்கிறது. பல ஆயிரம் தடவைகளின் பின் குழியும் மேடுமாக முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் வடிவத்தைப் பெற, ஒரு நாள் ஒட்டு வில்லைவிட வலுவானதாகிவிடுகிறது. நான் கண்ணாடியின் கீழ் பார்த்த குழியும் மேடும் இந்த வழியாக வந்தவையே.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதே பன்னிரண்டு இடங்களில் 60 வாட் இழை மின்குமிழ்கள் இருந்திருந்தால் அவையும் உச்சத்தில் ஐம்பது, அறுபது அம்பியர் இழுத்திருக்கும். அந்த ஓட்டம் பல மில்லி செக்கன்கள் நீடிக்கும் என்பதால், மொத்த வெப்பத்தைக் கணக்கிட்டால் இழை மின்குமிழ் தரும் சுமையே கூடுதலானது. அப்படியிருக்க எல்.ஈ.டி. யை மட்டும் ஏன் குற்றவாளியாக்கவேண்டும்? முதலாவது காரணம் சற்று முன் சொன்னது: அதன் பாய்ச்சல் உயரமானது, தொடுமுனை மிகப் பலவீனமாக இருக்கும் கணத்தில் வருவது. இரண்டாவது காரணம் மனிதரைச் சேர்ந்தது. 720 வாட் இழை விளக்குச் சுமையை யாரும் ஒரு சிறு சென்சரில் அலட்சியமாக இணைப்பதில்லை. 108 வாட் என்றால் அது ஒரு சுமையே இல்லை என்று தோன்றிவிடுகிறது. அந்தத் துணிவில் இன்னும் ஆறு மின்குமிழ்கள் சேர்க்கப்படுகின்றன, சென்சரைச் செய்பவரும் ரிலேயைச் சிறிதாக்குகிறார். சந்தையில் உள்ள பல சென்சர்களின் பின்புறத்தில் இழை மின்குமிழுக்கு 1200 வாட், மின்சேமிப்பு மின்குமிழுக்கு 300 வாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண்ணைப் படித்துவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விடுவதே வழக்கம். மின்சேமிப்பு மின்குமிழுக்கு வாட் என்ற அளவே பொருத்தமானதல்ல என்பது என் கருத்து. இரண்டு நிறுவனங்களின் 9 வாட் மின்குமிழ்களில் ஒன்று தடையியும் கொள்ளளவியும் உடையதாகவும், மற்றது கொள்ளளவியே இல்லாத எளிய சுற்றுடையதாகவும் இருக்கலாம். பின்னது ரிலேயைத் துன்புறுத்தாது, ஆனால் அதன் ஒளி செக்கனுக்கு 100 தடவை அதிரும். பெட்டியின் மேல் இரண்டும் 9 வாட் என்றே இருக்கும். தொடக்கப் பாய்ச்சல் எவ்வளவு என்பதைச் சாதாரண மின்குமிழ்ப் பெட்டிகளில் நான் கண்டதில்லை.

எத்தனை தடவை என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியமானது. வீட்டு அறையின் சுவிட்சை நாளுக்குப் பத்துத் தடவை போட்டால் ஆண்டுக்கு 3650. அத்தகைய சுவிட்சுகள் தரச் சோதனையில் 40,000 தடவை இயக்கப்படுபவை என்பதால் பதினொரு ஆண்டுகள் வரை கவலை இல்லை. ஆறு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டுச் சென்சரோ நாளுக்கு 200 தடவை எளிதாக இயங்கும். ஆண்டுக்கு அது 73,000. சிறு ரிலேக்களுக்கு, பொருத்தமான தடைச் சுமையில், 100,000 இயக்கங்கள் என்பது தரவுத்தாள்களில் பரவலாகக் காணப்படும் மின் ஆயுள். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் பதினாறு மாதங்களில் அது முடிந்துவிடும். தொடக்கப் பாய்ச்சலின் கீழ் அதில் ஒரு சிறு பங்கே மிஞ்சும்.

விளக்கை நிறுத்தும் பக்கத்தில் நிலைமை நேர்மாறானது. எல்.ஈ.டி. மின்குமிழ் மின்னோட்டத்தை அலையின் உச்சத்தைச் சுற்றிய குறுகிய துடிப்பாகவே எடுக்கிறது. சுற்றின் பெரும்பகுதி நேரம் கம்பியில் ஓட்டமே இல்லை. பழைய சோக் வைத்த குழல் விளக்கை நிறுத்தும்போது சுவிட்சுக்குள் நீல ஒளி தெறித்ததை நினைவுள்ளவர்கள் இந்த வேறுபாட்டை உணர்வார்கள். ஆகவே எல்.ஈ.டி. யின் கீழ் வேலை செய்யும் தொடுமுனை தேய்வது முழுக்க முழுக்க மூடும்போதுதான். சிறிய மின்குமிழ் ஒன்றை இயக்கும் சுவர் சுவிட்சுக்கு இது பெரும்பாலும் நன்மையே. பத்து, இருபது கூரை விளக்குகளை ஒரே சுவிட்சில் போட்டிருக்கும் வரவேற்பறைகளிலும் கடைகளிலும்தான் சுவர் சுவிட்சுகளும் ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்கு 10 அம்பியர் என்பதோடு நின்றுவிடாமல் 10 ஏ.எக்ஸ். என்று குறியிட்ட சுவிட்சைத் தேடி வாங்குவது நல்லது. அந்தக் குறி ஒளிர்குழல் விளக்குச் சுமைக்கும் சோதிக்கப்பட்டதைக் காட்டுவது. வீட்டு சுவிட்சுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.ஈ.சி. 60669-1 இன் 2017 ஆம் ஆண்டுப் பதிப்பில், இயக்கச் சுற்றைத் தம்முள் கொண்ட மின்குமிழ்களுக்கென்றே தனிச் சோதனை சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இழை மின்குமிழ்களை 2009 முதல் 2012 வரை படிப்படியாக நீக்கி முடித்த பின்னரே அது வந்தது என்பதைக் கவனித்தால், மின்குமிழ் மாறிய வேகத்துக்குச் சுவிட்சின் தரம் மாறவில்லை என்பது புரியும். கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள பழைய வீடுகளின் சுவர்களில் இன்றும் இருப்பவை அந்தச் சோதனைக்கு மிக முற்பட்டவை. கடலோரத்தின் உப்புக் காற்று அவற்றின் வில்களைத் துருவேற்றித் தளர்த்தியிருந்தால், அழுத்தம் குறைந்து துள்ளல் கூடுகிறது. மேலே சொன்ன கேடு அங்கே இன்னும் விரைவில் நேரும்.

நம்மூருக்கு உரிய இன்னொரு கேள்வியையும் என்னிடம் பலர் கேட்டதுண்டு. 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில், மின் போய் வருவதால்தான் சுவிட்சுகள் கெடுகின்றனவா என்பதே அது. சுவர் சுவிட்சைப் பொறுத்தவரை இல்லை. மின் திரும்பி வரும்போது சுவிட்ச் ஏற்கெனவே மூடியிருக்கிறது. முனைகள் முழு அழுத்தத்தில் நிலைகொண்டிருப்பதால் துள்ளலும் இல்லை, மின்வில்லும் இல்லை. அந்தப் பாய்ச்சலின் பாரம் வேறிடத்தில் விழுகிறது. ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில், வழங்கலை மாற்றிக்கொடுக்கும் கொண்டக்டர் (பெரிய ரிலே போன்ற சுவிட்ச்) மூடும் கணத்தில் கட்டடத்தின் விளக்குகள் அனைத்தும் ஒன்றாக நிரம்பத் துடிக்கின்றன. ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் விளக்குச் சுற்றின் ட்ரிப் சுவிட்ச் காரணமின்றி விழுவதுபோல் தோன்றும். பி வகையைச் சேர்ந்த 6 அம்பியர் ட்ரிப் சுவிட்சின் காந்தப் பகுதி 18 முதல் 30 அம்பியரில் செயற்படும்படி செய்யப்பட்டது. 200 மைக்ரோ செக்கன் பாய்ச்சல் அதற்கு மிகக் குறுகியது என்பதால் சில மின்குமிழ்கள் அதை விழுத்தாது, பல பத்து விளக்குகள் சேர்ந்தால் விழுத்திவிடும். ஐந்து முதல் பத்து மடங்கில் செயற்படும் சி வகைக்கு மாறுவது இதற்குச் சரியான வழி. 6 அம்பியரை எடுத்துவிட்டு 20 அம்பியர் போடுவது மிகவும் ஆபத்தானது. 1 சதுர மில்லிமீற்றர் கம்பி சுவருக்குள் சூடேறி எரியும் வரை அந்த ட்ரிப் சுவிட்ச் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒட்டிப்போன ரிலே சிறு விடயமாகத் தோன்றலாம். விளக்கு எரிகிறதுதானே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். முன்பு அந்தப் படிக்கட்டில் 720 வாட் இழை மின்குமிழ்கள் சென்சரின் கீழ் நாளுக்கு மொத்தம் நான்கு மணித்தியாலம் எரிந்ததாகக் கொண்டால் செலவு 2.88 அலகு. எல்.ஈ.டி. க்கு மாறி அதே நான்கு மணித்தியாலம் எரிந்தால் 0.43 அலகு. ரிலே ஒட்டிக்கொண்டு இரவு பகலாக 24 மணித்தியாலமும் எரிந்தால் 2.59 அலகு. சேமிப்புக்காக மின்குமிழை மாற்றியதன் பயன் ஏறக்குறைய முழுவதும் ஒரு மிளகளவு வெள்ளி முனையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. சென்சர் நிறுத்திவிட்டது என்று நம்பி மின்குமிழைக் கழற்றுபவரின் கைக்கு, ஒட்டிய ரிலேயின் வழியே 230 வோல்ட் காத்திருக்கும். மின்குமிழை மாற்றுமுன் மின் பலகையில் அந்தச் சுற்றையே நிறுத்திவிட வேண்டும்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. சில ரிலேக்குள்ளேயே செய்யப்படுபவை. வெள்ளி நிக்கல் கலவைத் தொடுமுனைகளைவிட வெள்ளி வெள்ளீய ஒட்சைட்டுத் தொடுமுனைகள் ஒட்டுவதை நன்கு எதிர்க்கும். முன்னர் இந்த வேலையைச் செய்த வெள்ளி கட்மியம் ஒட்சைட்டு, கட்மியத்தின் நச்சுத்தன்மையால் ஒதுக்கப்பட்டு வருகிறது. இன்னும் கடினமான சுமைகளுக்கு இரட்டைத் தொடுமுனை ரிலேக்கள் இருக்கின்றன: முதலில் தங்ஸ்தன் முனை மூடிப் பாய்ச்சலைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள, அதன்பின் வெள்ளி முனை மூடி, ஓடும் மின்னோட்டத்தைச் சுமக்கும். 3400 பாகை செல்சியஸுக்கு மேல் உருகும் தங்ஸ்தன், விளக்கின் இழையாக இருந்து ஒதுக்கப்பட்ட பின் அதன் ரிலேக்குள் வந்து வேலை செய்வதை எண்ணும்போது எனக்கு அந்த உலோகத்தின் மேல் தனி மதிப்பு உண்டாகிறது. இவ்வகை ரிலேக்களின் மேல் 20 மில்லி செக்கனுக்கு 165 அம்பியர், 200 மைக்ரோ செக்கனுக்கு 800 அம்பியர் என்பன போன்ற தொடக்க எல்லைகள் குறிக்கப்பட்டிருக்கும். விளக்குக்கான ரிலேயை வாங்கும்போது தேடவேண்டியவை இந்த எண்கள்தாம்.

மற்றொரு வழி, மூடும் கணத்தையே தெரிந்தெடுப்பது. அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் தொடுமுனை மூடினால் கொள்ளளவி அலையோடு சேர்ந்து மெல்ல நிரம்பும். பாய்ச்சல் சில மடங்குகளுக்குள் அடங்கும். ரிலேயின் கை நகர 5 முதல் 15 மில்லி செக்கன் வரை எடுப்பதால், அந்தத் தாமதத்தை அளந்து முன்கூட்டியே சுருளுக்கு மின் கொடுக்கும் சிறு கணினிச் சில்லு தேவை. தரமான சென்சர்களிலும் நேரச் சுவிட்சுகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. தொடரில் வைக்கப்படும், குளிரில் தடை கூடிச் சூட்டில் தடை குறையும் தேர்மிஸ்டர் மூன்றாவது வழி. ஆனால் அது ஆறுமுன் மின் ஒரு தடவை போய் உடனே வந்தால் அதன் காவல் இல்லாமற் போகும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சென்சர் வாங்கப் போகும் ஒருவருக்கு இவை அனைத்தும் கைக்கெட்டாமற் போகலாம். அவருக்கு எளிமையான வழி சுமையைப் பிரிப்பதுதான். வெள்ளவத்தைக் குடியிருப்பில் நாங்கள் செய்ததும் அதுவே. பன்னிரண்டு மின்குமிழ்களையும் இரண்டு மாடிக்கு ஒன்றாக மூன்று சென்சர்களுக்குப் பிரித்தோம். ஒவ்வொன்றின் கீழும் நான்கு. பிரித்ததால் பாய்ச்சல் குறைந்ததோடு, மூன்றாம் மாடிக்குப் போகிறவருக்காக ஆறாம் மாடி விளக்கு எரிவதும் நின்றது. ஒவ்வொரு சென்சரும் இயங்கும் தடவைகளும் குறைந்தன. மின்குமிழ்களில் நான்கைத் திறந்து பார்த்து, உள்ளே தடையியே வைக்காமல் செய்யப்பட்டிருந்த ஓர் இனத்தை முற்றாக நீக்கினோம். வாகனத் தரிப்பிடத்தில் ஒரே சென்சரின் கீழ் இருந்த பதினெட்டுக் குழல் விளக்குகளுக்கு மட்டும், சென்சர் ஒரு சிறு கொண்டக்டரின் சுருளை இயக்க, கொண்டக்டர் விளக்குகளை இயக்கும்படி மாற்றியமைத்தோம். அந்தக் கொண்டக்டர் மூடும் ஒலி இரவில் முதலாம் மாடி வரை கேட்கிறது என்று அங்கே வசிக்கும் அம்மா ஒருவர் முறையிட்டதால், அதை இறப்பர்த் தட்டின் மேல் ஏற்றி மீண்டும் பொருத்தவேண்டியிருந்தது.